நிச்சயதார்த்த மோதிரம்: வளையத்தில் வரிசையாகப் பொடி வைரம், நண்டு வலைக்குத் தாங்குமா?

பாம்பன்_டீசல்

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். ஈஸ்டர் முடிந்து, தடைக்காலத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், சொந்தபந்தம் எல்லாம் ஊரில் இருக்கும் என்று பெரியவர்கள் தேதி வைத்துவிட்டார்கள். அந்த 61 நாளில்தான் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது என்பது யாருக்கும் நினைப்பில் வரவில்லை. சரி, அது என் தலைவிதி.

விஷயம் மோதிரம். பொண்ணு தங்கச்சிமடம். பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர்கள் வீட்டில் நாட்டுப்படகு, நண்டு வலை. காலையில் வலை கரைக்கு வந்ததும் அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து நண்டு எடுத்துவிட்டு, குளித்துப் புடவை கட்டிப் பள்ளிக்குப் போகிற ஆள். போன வாரம் போனில் ஒரு படம் அனுப்பினாள். மெல்லிய மஞ்சள் தங்க வளையம். நடுவில் பெரிய கல் ஒன்றும் இல்லை. வளையத்தின் மேலேயே வரிசையாகச் சின்னச் சின்ன வைரம். கீழே 'இது மாதிரி' என்று இரண்டே வார்த்தை.

அம்மாவிடம் காட்டினேன். போனைக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதில் பவுன் எங்கே இருக்கு?" என்றார்கள். அம்மா கணக்கில் மோதிரம் என்றால் ஒரு பவுன், 916, உள்பக்கம் பெயர் வெட்டியது.

எனக்கு எஞ்சினில் பிஸ்டன் ரிங் தெரியும். இந்த ரிங் தெரியாது. பொடிக்கல் விழுந்துவிடுமா? உப்புத் தண்ணீர் என்ன செய்யும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தேவிபட்டினம்77

தம்பி, நான் உங்க அம்மா கட்சி. நம்ம பக்கம் நகை என்பது போட்டு அழகு பார்க்கிற பொருள் மட்டும் இல்லை. தடைக்காலத்தில் வலை வாங்க, எஞ்சின் இறக்க, பிள்ளைக்கு பீஸ் கட்ட எல்லாவற்றுக்கும் அதுதான் அடகுக்குப் போகும். கல் வைத்த மோதிரத்தை பேங்க்கில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். கல் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன். வைரத்துக்கு ஒரு ரூபாய் தரமாட்டார்கள். ஒரு பவுன் வாங்கிப் போடுங்கள். வைரம் பத்தாவது வருஷக் கல்யாண நாளுக்கு ஆகட்டும்.

உச்சிப்புளி அக்கா

நான் சொல்கிறேன், ஏனென்றால் அப்படி ஒரு மோதிரம் என் பீரோவில் தூங்குகிறது.

ஆறு வருஷத்துக்கு முன் வாங்கியது. சுற்றி முழு வட்டமும் கல், எல்லாம் ஓபன் செட்டிங், 27 கல். கடை விளக்கில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. நான் தையல் வேலை. முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஜாக்கெட் துணியைத் திருப்பும்போதெல்லாம் ஒரு நூல் மோதிரத்தில் மாட்டும். இழுத்தால் நூலும் வரும், கல்லைப் பிடித்திருக்கும் அந்த நகமும் கொஞ்சம் தூக்கும். ஒருநாள் இட்லி மாவு கரைத்துக் கை கழுவிவிட்டுப் பார்த்தால் ஒரு கல் இல்லை. பல் விழுந்த இடம் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. மாவு முழுவதையும் வடிகட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. என் கணவர் இரண்டு நாள் இட்லியே சாப்பிடவில்லை, பல் போய்விடும் என்று!

அதைவிடப் பெரிய தொல்லை அளவு. வாங்கும்போது 12ஆம் நம்பர். பாப்பா பிறந்த பிறகு 14 ஆகிவிட்டது. கடைக்குக் கொண்டுபோனால், முழு வட்டமும் கல் இருப்பதால் வெட்டிப் பெரிதாக்க முடியாது, புதிதாகத்தான் செய்யணும் என்றார்கள். வாங்கும்போது அதே கடையில் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அப்போது சொல்லியிருந்தால் வேறு மாடல் எடுத்திருப்பேனே.

முண்டு மிளகாய்

அக்கா, அந்த இட்லியின் விலை எவ்வளவு இருக்கும்?

உச்சிப்புளி அக்கா

சிரிங்க தம்பி சிரிங்க. உங்க வீட்டில் மாவு கரைக்கும்போது தெரியும்.

பத்தர்வீட்டுப் பையன்

ராமநாதபுரத்தில் மூன்று தலைமுறையாக நகை வேலை செய்கிற வீடு. அப்பா பட்டறையில் உட்காருகிறார், நான் பாதி நேரம் அங்கே, பாதி நேரம் கணினியில் டிசைன் போடுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். வைரம் தாங்குமா என்று பார்க்க வேண்டாம். வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பிடித்திருக்கும் தங்கம் தாங்குமா என்று பாருங்கள். நம் கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினத்தில் 7. வைரம் 10. சுத்தத் தங்கம் 3கூட இல்லை, செம்பும் வெள்ளியும் கலந்தால் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். மணல் ஒட்டிய வலையைத் தினமும் கையால் அளைந்தால் தேய்வது கல் இல்லை, கல்லைக் கவ்விய தங்க முனை. அதனால்தான் பொடிக்கல் நகையை 22 காரட்டில் செய்யப் பயப்படுவோம், மெத்தென்று இருக்கும். 18 காரட், அதாவது 750 முத்திரை, நூறில் 75 பங்கு தங்கம். மீதி 25 பங்குதான் கல்லைக் காப்பாற்றுகிறது என்று அப்பா சொல்வார். உங்கள் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது!

இனி கல்லைப் பிடிக்கிற முறை. அக்கா சொன்னது ஷேர்டு பிராங், இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு நகம், அது இரண்டையும் பிடிக்கும். நகம் ஒன்று போனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கல்லும் ஆடும். பாவே என்று ஒன்று, தங்கத்தின் மேல்பரப்பிலிருந்தே உளியால் குருணை குருணையாகத் தூக்கிக் கல்லின் ஓரத்தில் மடக்குவது. தங்கமே கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும், அழகில் அதுதான் முதல். வேலை செய்யும் கைக்கு அதுதான் கடைசி. சேனல் என்பது இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி தங்கச் சுவர், நடுவில் கல் வரிசையாக உட்காரும், நகமே கிடையாது. நூல் மாட்ட இடமில்லை. மினுக்கு கொஞ்சம் குறையும். ஃப்ளஷ் என்று இன்னொன்று, கல்லைத் தங்கத்துக்குள்ளேயே புதைத்து மேல்மட்டம் சமமாக இருப்பது. அதற்கு மேல் பத்திரம் கிடையாது, ஆனால் கல்லுக்குக் கல் இடைவெளி விழும், நீங்கள் சொல்லும் படம் மாதிரி வராது.

உங்கள் விஷயத்தில் சேனல், அதுவும் முழு வட்டம் வேண்டாம். மேல்பாதியில் மட்டும் கல். கீழ்பாதி வெறும் தங்கமாக இருந்தால் பின்னால் அளவு கூட்டலாம், குறைக்கலாம். பாத்திரம், கயிறு, வண்டி ஹேண்டில் எல்லாம் உரசுவது உள்ளங்கைப் பக்கம்தான், அங்கே கல் எதற்கு? வளையத்தின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். மெல்லிய வளையம் பிடி அழுத்தத்தில் லேசாக நெளியும், நெளிந்தால் சேனல் சுவர் விரியும், கல் கழன்றுவிடும்.

கடையில் இன்னொன்று கேளுங்கள்: கை செட்டிங்கா, வாக்ஸ் செட்டிங்கா? மெழுகு அச்சிலேயே கல்லை வைத்துத் தங்கம் ஊற்றுவது வாக்ஸ் செட்டிங். விலை குறையும். ஆனால் ஒரு கல் விழுந்தால் திரும்பப் பதிக்க எங்களுக்கு உயிர் போகும்.

கீழக்கரை காக்கா

பத்தர்வீட்டுத் தம்பி தங்கத்தைச் சொல்லிவிட்டார், நான் கல்லைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சங்கும் முத்தும் கல்லும் பார்த்தே வளர்ந்தோம். வாப்பாவும் சாச்சாவும் கொழும்பில் கல் வியாபாரம். என் கைக்கு வந்தது பொட்டலம் பிரித்து எண்ணுகிற வேலை மட்டும்.

பொடி வைரத்தில் ஆளை மயக்குவது எழுத்துகள்தான். நிறத்துக்கு ஈ-எஃப், உள்ளே குறை இல்லாத சுத்தத்துக்கு விவிஎஸ் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் கல்லில் விவிஎஸ்ஸையும் அதற்கு அடுத்த படியான விஎஸ்ஸையும் வெறும் கண்ணால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், கடைக்காரராலும் முடியாது. மஞ்சள் தங்கத்தில் வைத்தால் கல்லின் லேசான மஞ்சளும் தெரியாது. ஜி-எச் நிறம், விஎஸ் போதும் தம்பி. மிச்சமாகும் காசைத் தங்கத்தின் கனத்தில் போடுங்கள். பார்க்க வேண்டியது வெட்டு. முழு வெட்டு என்றால் 57 அல்லது 58 முகம். மிகப் பொடியில் சிங்கிள் கட் என்று 17, 18 முகத்தோடும் வரும், விலை குறைவு, மின்னுவது வேறு மாதிரி. அது தப்பு இல்லை, ஆனால் சொல்லி விற்கணும்.

எடைக்கணக்கு தெரிந்துகொள்ளுங்கள். தங்கத்தில் காரட் என்றால் சுத்தம், கல்லில் அது எடை. ஒரு காரட் 0.2 கிராம், அதுவே 100 சென்ட். 1.3 மில்லிமீட்டர் கல் ஏறக்குறைய ஒரு சென்ட், 1.7 மில்லிமீட்டர் இரண்டு சென்ட். ஆகவே கல்லை எண்ணிப் பெருக்கினால் அட்டையில் போட்ட மொத்த எடை சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். கால் காரட் எழுதிவிட்டு ஒரு சென்ட் கல் 15 வைத்திருந்தால் ஒரு கேள்வி கேட்கலாம்.

ஐஜிஐ மாதிரி ஆய்வகச் சான்றிதழ் இந்த மாதிரி நகைக்கு மொத்த நகைக்கும் சேர்த்து ஒன்றுதான் வரும், பொடிக்கல் ஒவ்வொன்றுக்கும் தனியாக வராது.

தொண்டி_துபாய்

லேப் குரோன் வாங்கினால் என்ன காக்கா? அதுவும் வைரம்தானே? இங்கே என்னோடு வேலை பார்க்கும் பையன் அதில்தான் எடுத்தான், விலை எவ்வளவோ கம்மி.

கீழக்கரை காக்கா

வைரம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதே கார்பன், அதே கடினம். பூமிக்கடியில் இல்லாமல் இயந்திரத்தில் வளர்ந்தது, அவ்வளவுதான். கடையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டர் வைத்து பீப் சத்தம் காட்டுவார்கள், அது சூடு கடத்துவதை அளக்கிறது. இயற்கை வைரத்துக்கும் பீப் அடிக்கும், லேப் வைரத்துக்கும் அடிக்கும். சில டெஸ்டர், வைரம் மாதிரியே மின்னும் மாய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் அடிக்கும். அதனால் பீப்பை நம்பி இயற்கை வைரம் என்று காசு கொடுக்காதீர்கள். பில்லில் எது என்று எழுதி வாங்கணும்.

என் சொந்தக் கருத்து: நடுவில் பெரிய கல் என்றால் யோசிக்கலாம், இப்படிப் பொடி வரிசைக்குக் கல்லின் விலை மொத்தத்தில் ஒரு பங்குதான், செய்கூலி எப்படியும் அதேதான். திருப்பி விற்கும்போது லேப் கல்லுக்குக் கிடைப்பது சொற்பம். இயற்கைப் பொடிக்கல்லுக்கும் பெரிதாகக் கிடைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தேவிபட்டினம்77

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

இன்னொன்று, யாரும் ராசி பற்றிப் பேசவில்லை. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் வாங்குவதற்கு முன் கல்லைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிப் பார்ப்போம். கடலுக்குள் நவபாஷாணம் இருக்கிற ஊர்க்காரன் சொல்கிறேன், சுக்கிரன் கல்லை அலட்சியமாக எடுக்கக் கூடாது.

பாம்பன்_டீசல்

அண்ணா, நாங்கள் கோயிலில் ஃபாதரிடம் மந்திரித்துப் போடுகிற ஆட்கள். ஆனாலும் இதைப் படித்துக் காட்டியதும் அம்மாவுக்குப் புதுக் கவலை வந்துவிட்டது, "அந்த அண்ணன் சொல்றதும் சரிதானே" என்கிறார்கள். நன்றி!

அடகு விஷயம் எனக்கும் உறைக்கிறது. எங்கள் அப்பா சங்கிலி எத்தனை தடவை பேங்க்குக்குப் போய்வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நிச்சயதார்த்த மோதிரத்தையே அடகு வைக்கிற நிலைமை வந்தால் வைரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஏர்வாடி_நர்ஸ்

தம்பி, எல்லாரும் மோதிரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் விரலைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் நாளைக்கு எத்தனை தடவை கையுறை மாட்டுகிறேன் என்று கணக்கே கிடையாது. நகம் தூக்கிய மோதிரம் கையுறையைக் கிழிக்கும், அடியில் அழுக்கு சேரும், நான் வேலை நேரத்தில் போடுவதே இல்லை. அதைவிட, மோதிரத்தோடு விரல் எதிலாவது மாட்டி இழுபட்டு, தோல் உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிறு, கொக்கி, லாரியிலிருந்து குதிப்பது, இப்படித்தான் நடக்கும். வலை இழுக்கிற கையில் மோதிரம் கூடவே கூடாது. கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எஞ்சின் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை விடுகிற ஆள் நீங்கள். மாப்பிள்ளை மோதிரத்தை வேலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அளவு எடுப்பதைச் சாயங்காலம் எடுங்கள். நம்ம வெயிலில் மத்தியானத்துக்கு மேல் விரல் கொஞ்சம் உப்பும். விடியற்காலை குளிரில் எடுத்த அளவில் செய்தால் மாலையில் கழற்ற சோப்பு தேடுவீர்கள். அதே சமயம் ரொம்பத் தளர்வாகவும் வேண்டாம். என் சித்தப்பா அக்னி தீர்த்தத்தில் மூன்று முழுக்குப் போட்டார், நாலாவது முழுக்குக்கு மோதிரம் இல்லை. தண்ணீரில் விரல் சுருங்கும். அப்புறம் ஈரத்துணியோடு 22 தீர்த்தமும் ஆடி முடிக்கிற வரை சித்தி திட்டிக்கொண்டே வந்தார்.

பத்தர்வீட்டுப் பையன்

நர்ஸ் அக்கா சொன்னதில் அளவு பற்றி ஒரு சேர்க்கை. நம்ம கடைகளில் 12ஆம் நம்பர் என்றால் உள்சுற்றளவு ஏறக்குறைய 52 மில்லிமீட்டர், நம்பர் ஒன்று கூடினால் ஒரு மில்லிமீட்டர் கூடும். நூலை விரலில் சுற்றி அளப்பதில் ஒரு நம்பர் தப்பு சாதாரணமாக வரும். கடையில் வளையக் கொத்து இருக்கும், அதைப் போட்டு விரல் மூட்டில் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கணும். அகலமான மோதிரத்துக்கு அரை நம்பர் கூட விடுவோம்.

உப்புத் தண்ணீர் பற்றிக் கேட்டீர்கள். தங்கத்துக்கு உப்பால் பெரிய கெடுதல் இல்லை, கழுவினால் போதும். ஒயிட் கோல்டு எடுத்தால்தான் தொல்லை. அதன் பளிச்சென்ற வெள்ளை மேலே பூசிய ரோடியம், தேயும், தேய்ந்தால் மறுபடி பூசணும். படத்தில் மஞ்சள் தங்கம்தானே, கவலை இல்லை. வீட்டுத் தரை துடைக்கிற குளோரின் தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், கலப்பு உலோகத்தை அது அரிக்கும்.

உண்மையில் வைரத்துக்கு நம் ஊரில் பகை எண்ணெய். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டினால் விடாது. தென் ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசையில் கல்லையும் தண்ணீரையும் ஓடவிட்டு வைரத்தை மட்டும் ஒட்டவைத்துப் பிரித்தார்கள், அந்தக் குணம். மீன் கழுவிய கை, தேங்காயெண்ணெய், மீன் வறுத்த கை, எல்லாம் ஒரு வாரத்தில் கல்லின் அடியில் படலமாகச் சேரும். ஜனங்கள் என்னிடம் வந்து "கல் செத்துப்போச்சு தம்பி" என்பார்கள். கல் சாகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு, பழைய மெத்தென்ற பிரஷ், அடிப்பக்கமிருந்து தேய்த்தால் உயிர் வந்துவிடும். கழுவுமுன் வாஷ்பேசின் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

முண்டு மிளகாய்

அல்லது இட்லித் துணி போட்டு மூடவும்.

உச்சிப்புளி அக்கா

இந்தப் பையனை யாராவது வெளியே அனுப்புங்கள்.

பாம்பன்_டீசல்

போன ஞாயிறு பூசை முடிந்து ராமநாதபுரத்தில் இரண்டு கடை ஏறி இறங்கினேன், தனியாக. முதல் கடையில் படத்தில் இருப்பது மாதிரியே ஒன்று காட்டினார்கள். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை, 1.9 கிராம். உள்ளே முத்திரை தேடினேன், இல்லை. கேட்டதற்கு "2 கிராமுக்குக் கீழே ஹால்மார்க் தேவையில்லை சார், ரூல்ஸே அப்படித்தான்" என்றார். உண்மையா இது?

பத்தர்வீட்டுப் பையன்

ரூல் உண்மைதான், 2 கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாயம் இல்லை. மெல்லிய மோதிரம் வாங்குபவர்களுக்கு அதுதான் ஆபத்து. 18 என்று சொல்லி எதையும் விற்கலாம், உங்களால் ஒன்றும் பார்க்க முடியாது. 2 கிராமுக்கு மேல் போங்கள். உள்பக்கம் மூன்று குறி இருக்கணும்: இந்தியத் தரநிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 18K750 என்ற சுத்தக் குறி, ஆறு எழுத்து-எண் கலந்த எச்யூஐடி என்ற அடையாளக் குறி. 2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அந்த ஆறு எழுத்தை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் என்ன நகை, எந்தச் சுத்தம் என்று வரும். மோதிரம் என்று வரவேண்டிய இடத்தில் கம்மல் என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியாக இருக்கணும். செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரி போட்டிருந்தால் இரண்டையும் கூட்டிப் பேரம் பேசுங்கள், ஒன்றில் குறைத்து மற்றதில் ஏற்றுவார்கள். சொல்லக் கூடாது, நானும் இந்தத் தொழில்தான்.

கீழக்கரை காக்கா

கல் ஆடுகிறதா என்று பார்க்க பூதக்கண்ணாடி வேண்டாம். மோதிரத்தைக் காதோரம் பிடித்து விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். ஆடும் கல் கிணிகிணி என்று சொல்லும். கடைக்குள் பாட்டு போட்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏர்வாடி_நர்ஸ்

நீங்கள் ஏன் தனியாகப் போகிறீர்கள்? போடப்போவது அவள். கூட்டிக்கொண்டு போங்கள். சர்ப்ரைஸ் எல்லாம் படத்தில் நன்றாக இருக்கும்.

தொண்டி_துபாய்

நண்டு வலை ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போங்க நண்பா. கடையிலேயே மோதிரத்தை வலையில் தேய்த்துப் பாருங்க. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அதைவிட நல்ல டெஸ்ட் இல்லை.

பாம்பன்_டீசல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எஞ்சின் நாலு இறக்கி ஏற்றினேன். மோதிரம் வாங்கியாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவளையும், அவள் அம்மாவையும், என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சட்டைப் பையில் தொண்டி நண்பர் சொன்னபடி ஒரு முழம் நைலான் நரம்பு வலை, கழுவிக் காயவைத்தது. இருந்தும் வாசனை போகவில்லை. கடைப்பையன் ஏசியைக் கூட்டினான்.

நாலு மாடல் எடுத்து வைத்தார்கள். நான் ஒவ்வொன்றாக விரல் நுனியில் மாட்டி வலைக்குள் விட்டு இழுத்தேன். பாவே வைத்தது முதல் இழுப்பிலேயே மாட்டியது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குருணையில் நரம்பு போய்ப் பூட்டிக்கொண்டது. கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணும். ஷேர்டு பிராங் மாட்டி மாட்டி வந்தது. சேனல் சறுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் ஜெயித்த மாதிரி திரும்பிப் பார்த்தால், அவள் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

"யார் மோதிரம் போட்டுக்கிட்டு வலையில் கை விடுவா? எங்க பாட்டி கடல்பாசி எடுக்கப் போகும்போது விரலில் துணி சுத்திக்கிட்டுப் போவாங்க, மோதிரம் போட்டா போவாங்க? நான் கழற்றி வச்சிட்டுத்தான் உட்காருவேன்" என்றாள்.

அவள் அம்மா விடவில்லை. "கழற்றி எங்கே வைப்ப? போன தடவை கம்மலை அரிசி டப்பாவில் வச்சிட்டு மூணு நாள் தேடினோமே" என்றார்கள். என் அம்மா உடனே அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே கட்சி. கடைசியில், வேலை நேரத்தில் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு கோர்த்துக்கொள்வது என்று முடிவு. கல் வலையில் மாட்டுமா என்று தொடங்கிய பேச்சு, மோதிரம் சங்கிலியில் கோர்க்கிற மாதிரி மழமழவென்று இருக்கணும் என்று வந்து நின்றது. அதற்கும் சேனல்தான் பொருந்தியது.

எடுத்தது 18 காரட் மஞ்சள், மேல்பக்கம் மட்டும் 11 கல், ஒவ்வொன்றும் 1.7 மில்லிமீட்டர். காக்கா சொன்னபடி 11ஐ இரண்டால் பெருக்கினேன், 22 சென்ட். அட்டையிலும் 0.22 காரட். மொத்த எடை 3.460 கிராம், கல் 0.044, நிகரத் தங்கம் 3.416. பில்லில் முதலில் 3.460க்கும் தங்க விலை போட்டிருந்தார்கள். சுட்டிக்காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள். பெரிய காசு இல்லை, ஆனால் அந்தப் பையன் என்னை வேறு மாதிரிப் பார்த்தான். எச்யூஐடி போட்டுப் பார்த்தேன், மோதிரம் என்றே வந்தது. காதோரம் தட்டியும் பார்த்தேன், சத்தம் இல்லை. அல்லது எஞ்சின் சத்தத்தில் என் காது போய்விட்டது.

அளவு 12 சரியாக இருந்தது, 13 எடுத்தோம். உச்சிப்புளி அக்காவை நினைத்துத்தான்.

அம்மாவுக்குத் தனியாக ஒன்று ஒத்துக்கொண்டேன். அடுத்த சீசன் காசில் அவள் பெயரில் ஒரு பவுன் காசு. அது பேங்க்குக்குப் போய்வரட்டும்.

தேவிபட்டினம்77

பவுன் காசு வாங்கும்போது கடையைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். தலையணைக்கு அடியில் வைத்தீர்களா?

பாம்பன்_டீசல்

அம்மா வைத்தார்கள், அவர்கள் தலையணைக்கு அடியில். நன்றாகத் தூக்கம் வந்ததாம்.

உச்சிப்புளி அக்கா

இந்த இழையைப் படித்துவிட்டு என் கணவர் பீரோவைத் திறந்து மோதிரத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறார். பத்தர்வீட்டுத் தம்பி, மீதி 26 கல்லையும் எடுத்து அரைவட்டச் சேனலில் வைத்துத் தரமுடியுமா?

பத்தர்வீட்டுப் பையன்

கொண்டு வாருங்கள் அக்கா, கல்லின் அளவு எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். ஒன்றுக்கொன்று சின்ன வித்தியாசம் இருந்தால் சேனலில் இடுக்கு விழும். தங்கம் கொஞ்சம் கூடுதலாகப் போடவேண்டி வரும்.

பாம்பன் நண்பரே, சங்கிலியில் கோர்ப்பதென்றால் கொக்கியைப் பாருங்கள். எஸ் கொக்கி என்றால் விரிந்திருக்கிறதா என்று அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள், மோதிரத்தைவிட அதுதான் முதலில் காலை வாரும். ஆறு மாதம் கழித்து மோதிரத்தைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், கல் அசைகிறதா என்று பார்த்துக் கழுவித் தருகிறேன். காசு வேண்டாம், இரண்டு கிலோ நண்டு போதும்.

பாம்பன்_டீசல்

தருகிறோம். சினை நண்டு மட்டும் கேட்கக் கூடாதாம், அதைக் கடலில் விட்டுவிடுவார்களாம். பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்கிறாள்.